ஐந்தாவது மாடிக்கு ஹஸ்கியா, ராஜபாளையமா?

கேள்வி: மும்பை செம்பூரில், ஐந்தாவது மாடியில், இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகிவிடும். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. நாய் வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரு வருஷமாகப் பிடிவாதம். மகனுக்கு நீலக் கண் ஹஸ்கிதான் வேண்டுமாம். கணவருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நாய் என்றால் ராஜபாளையம், மற்றதெல்லாம் பொம்மை என்கிறார். லேப்ரடார் சாது என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். மாமியாருக்கு 67 வயது, மூட்டுவலி உண்டு. "பகல் முழுக்க அதோடு இருக்கப்போவது நான். என்னை யாராவது கேட்டீர்களா? எங்கள் வீட்டு மணி திண்ணையைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது" என்கிறார். தெரிந்தவர் ஒருவர் 40 நாள் ஹஸ்கி குட்டி இருப்பதாகவும், இந்த வாரமே எடுத்துக்கொள்ளும்படியும் சொல்கிறார். எங்கள் வீட்டில் சைவச் சாப்பாடு. எதை வாங்கலாம் டாக்டர்?

— வாசகி, செம்பூர்

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 40 நாள் குட்டியை எடுக்காதீர்கள். ஹஸ்கி என்பதற்காக மட்டும் இல்லை. அது எந்தக் குட்டியாக இருந்தாலும் இதே பதில்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. காரணம் இருக்கிறது. கூடப் பிறந்ததைக் கொஞ்சம் அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயைக் கடித்தால் அது உறுமும். எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி அந்த வாரங்களில்தான் படிக்கிறது. அந்தப் பாடம் படிக்காத குட்டி, பிறகு உங்கள் மகனின் கையில்தான் படிக்கும். அப்புறம் பார்வோ என்ற உயிர்க்கொல்லி வைரஸ். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வந்து, தடுப்பூசி இன்னும் முழுதாகப் பிடிக்காத இடைவெளியில்தான் அந்த வைரஸ் குட்டியைப் பிடிக்கிறது. அந்த வயதில் இடம் மாற்றி அலைக்கழித்தால் ஆபத்து இன்னும் கூடும். "இந்த வாரமே" என்று ஒருவர் அவசரப்படுத்துகிறார் என்றால், அந்த அவசரம் குட்டிக்காக இருக்காது.

சரி, இனத்துக்கு வருவோம்.

ஹஸ்கி சைபீரியாவின் வடகிழக்கு மூலையைச் சேர்ந்தது. அங்கே சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய். பெரிய பாரத்தைக் கொஞ்ச தூரம் இழுப்பது அதன் வேலை இல்லை. லேசான பாரத்தைக் குறைந்த தீனியில் நாள் முழுக்க இழுக்க வேண்டும். 1925-இல் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, கிட்டத்தட்ட 1,085 கிலோமீட்டர் தூரம் மருந்தை அணி மாற்றி அணி இழுத்து, ஆறு நாளுக்குள் கொண்டு சேர்த்தவை இப்படிப்பட்ட வண்டி நாய்கள்தான். அந்தத் தெம்பு உங்கள் ஹாலில் பகல் முழுக்கச் சும்மா படுத்திருக்காது. சோபாவைக் கிழிக்கும், கதவைச் சுரண்டும், ஊளையிடும். ஹஸ்கி அதிகம் குரைக்காது என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். ஊளையைப் பற்றி மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழாவது மாடி வரை கேட்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் ஊர்க் காற்று. நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, வாயில் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை இறக்குகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் எங்கே ஆவியாகும்? டெல்லியில் 42 டிகிரி என்று கேட்டால் பதறுகிறோம். மும்பையின் மே மாத 34 டிகிரி, கடல் காற்றின் புழுக்கத்தோடு சேர்ந்தால், இரட்டை அடுக்கு ரோமம் உள்ள நாய்க்கு அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. "ஏசி போட்டுவிடுகிறோம் டாக்டர்" என்பார்கள். மின்சாரம் போகும் நாள்? லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம்? வாழ்நாள் முழுக்க ஒரே அறைக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டிய மிருகத்தை எதற்கு வாங்குவது? ரோமத்தை மொட்டையடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வெயில் நேராகத் தோலில் படும், மறுபடி வளரும் ரோமமும் பல நாய்களுக்குப் பழையபடி வராது. செயின்ட் பெர்னார்டுக்கும் சௌசௌவுக்கும் இதே பதில்தான்.

மகன் அடுத்து பக் கேட்பான், எதற்கும் சொல்லி வைக்கிறேன். 2003-இல் வந்த ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு இந்த ஊரில் பக் இல்லாத தெரு இல்லை என்று ஆனது. மூக்கை உள்ளே தள்ளித் தள்ளி வளர்த்த இனம் அது. இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டிய நாய்க்கு, இரைப்பதே கஷ்டம் என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஷீட்சூவுக்கும் மூக்கு குட்டைதான். கூடவே தினமும் சீப்புப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பீகிள் இங்கிலாந்தில் முயலை மோப்பம் பிடித்துக் கூட்டமாகத் துரத்த வளர்த்தது. வாசனை கிடைத்தால் குரல் கொடுப்பதுதான் அதன் தொழில். தனியாக விட்டால் உங்கள் சொசைட்டி செக்ரட்டரி என்னைவிட அதிகமாக உங்கள் வீட்டுக்கு வருவார்.

இனி உங்கள் கணவருக்கு. ராஜபாளையம் நம் நாட்டின் அருமையான நாய்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2005-இல் அஞ்சல் துறை நாய்களுக்காக நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு, இங்கே மும்பையிலும் எனக்கு விசாரிப்புகள் வருகின்றன. ஊர்ப்பற்று நியாயமானது. ஆனால் அந்த நாய் எதற்காக உருவானது? காட்டுப்பன்றி வேட்டைக்கும், தோட்டம், பண்ணைவீட்டுக் காவலுக்கும். இடுப்பு உயரம் வரும் நாய். வீட்டில் ஒருவரைத் தன் ஆளாக வைத்துக்கொள்ளும், மற்றவர்களை மதிக்கும், வெளியாளைத் தொட விடாது. விருதுநகர் மாவட்டத்தில் சுற்றுச்சுவர் வைத்த தோப்பில் இதெல்லாம் குணம். ஐந்தாவது மாடியில், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை டெலிவரிக்கு ஆள் மணியடிக்கும் வாசலில், மகனின் நண்பர்கள் கத்திக்கொண்டு ஓடும் ஹாலில், இதே குணம் வம்பு. அதுவும் அந்த "தன் ஆள்" உங்கள் கணவராக இருந்து, அவர் காலையில் போய் இரவு வந்தால், பகலில் உங்கள் மாமியாரிடம் அது எப்படி நடந்துகொள்ளும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று பார்த்துப் பார்த்து இனம் சேர்த்ததில், ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு ஒரு பிரச்சினையாகவே இருக்கிறது. ரோமத்துக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் காதின் உட்புறத்திலும் இருக்க வேண்டும். அங்கே இல்லாமல் போனால் கேட்கும் திறன் போய்விடும். என்றைக்காவது ஊரில் வீடு கட்டி ராஜபாளையம் வாங்குகிறார் என்றால், குட்டி தூங்கும்போது அது பார்க்காத பக்கமிருந்து கை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும்; அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

சிப்பிப்பாறை, கன்னி என்று இறங்கி வந்தாலும் உங்கள் வீட்டுக்குக் கணக்கு பெரிதாக மாறாது. குட்டை ரோமம், வெயில் தாங்கும், வீட்டுக்குள் சத்தமே இருக்காது, அதெல்லாம் உண்மை. முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்த உருவான நாய்கள் அவை. கீழே பார்க்கிங்கில் பூனை ஒன்று குறுக்கே ஓடினால், கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் மூட்டுவலிக்காரராக இருக்கக் கூடாது. இங்கே மகாராஷ்டிரத்தில் காரவான் என்றும் கர்நாடகத்தில் முதோள் என்றும் சொல்லும் நாய்க்கும் இது பொருந்தும்.

உங்கள் லேப்ரடார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு தண்ணீரில் வேலை பார்த்த நாய்களின் வழியில் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிரபுக்கள், சுட்ட பறவையைக் கசக்காமல் எடுத்து வரும் வேட்டைத் துணையாக வளர்த்தெடுத்தார்கள். மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ஆசை அதற்கு ரத்தத்தில் ஊறியது, அதனால்தான் சொன்னதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. ஆனால் "லேப் சாது" என்று நீங்கள் கேள்விப்பட்டது நான்கு வயது லேப்பைப் பற்றி. முதல் இரண்டு வருஷம் அது செருப்பு, ரிமோட், சுவர்ப் பூச்சு எல்லாவற்றையும் கடிக்கும். 25, 30 கிலோ உடம்போடு ஆசையாகப் பாய்ந்து வரும். 67 வயதில் வழுக்கும் டைல்ஸ் தரையில் அந்த ஆசையைத் தாங்குவது கஷ்டம். கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். அப்புறம் அதன் பசி. பசி அடங்கியதைச் சொல்ல வேண்டிய பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் இருப்பது லேப்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு உண்டு என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆக, தட்டு காலியானதும் உங்களைப் பார்க்கும் அந்தப் பார்வை நடிப்பு இல்லை. அதற்காக இரக்கப்பட்டு இன்னொரு கரண்டி வைத்தால், எடை ஏறி, ஏற்கெனவே இடுப்பு மூட்டு பலவீனமான இனம் ஆறு வயதிலேயே எழுந்திருக்கத் தடுமாறும்.

இதையெல்லாம் இவ்வளவு சொன்னேனே, இதற்கு ஒரு எல்லையும் இருக்கிறது. இனம் என்று இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, 1859-இல் இங்கிலாந்தில் நாய்க் கண்காட்சிகள் தொடங்கியதற்குப் பிறகு, உருவத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தது. 2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களைப் பார்த்தது. ஒரு நாயின் நடத்தைக்கும் இன்னொரு நாயின் நடத்தைக்கும் இடையே உள்ள வேறுபாட்டில், இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். சொல் கேட்குமா என்பதை இனத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். சட்டென்று சீறுமா என்பதை அநேகமாக ஊகிக்கவே முடியாது. என் மேஜையில் நான் பார்ப்பதும் இதுதான். கடிக்கிற லேப்பும் உண்டு, ஊசி போடும்போது கையை நக்குகிற ராட்வைலரும் உண்டு. உடம்பைப் பற்றி இனம் சொல்வதை அப்படியே நம்பலாம்: ரோமம், மூக்கு, மூட்டு, எவ்வளவு ஓட வேண்டும், எந்த வெப்பம் தாங்கும். குணத்துக்கு அந்தக் குறிப்பிட்ட நாயைத்தான் பார்க்க வேண்டும். குட்டியிடம் அதைப் பார்க்க முடியாது, வளர்ந்த நாயிடம் பார்க்கலாம்.

அதனால் என் பதில்: குட்டி வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுக்குள், ஏற்கெனவே ஒரு வீட்டில் ஃபாஸ்டராக, அதாவது தத்துப் போகும்வரை தற்காலிக வளர்ப்பில், இருந்து பழகிய நாயைத் தத்தெடுங்கள். நம் நாட்டு நாயாக இருந்தால் எனக்கு இன்னும் திருப்தி. 15 முதல் 25 கிலோவுக்குள் வரும், குட்டை ரோமம், இந்தப் புழுக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த உடம்பு, நெருங்கிய ரத்தத்தில் சேர்த்ததால் வரும் வம்ச நோய்கள் குறைவு. தெருவிலிருந்து நேரே தூக்கி வரச் சொல்லவில்லை. தெருவில் வளர்ந்த சில நாய்களுக்கு லிஃப்டும் மூடிய கதவும் கடைசி வரை பிடிப்பதில்லை. கழுத்துப்பட்டை போட்டாலே உறைந்து நிற்கும். அதனால்தான் "வீட்டில் பழகிய" என்று அழுத்திச் சொல்கிறேன். வேலை மாறி வெளிநாடு போகிறவர்கள் விட்டுச் செல்லும் நான்கைந்து வயது லேப் கிடைத்தாலும் தாராளமாகப் போய்ப் பாருங்கள். இந்த ஊருக்குத் தெருநாய்ப் பாசம் புதிதும் இல்லை. 1832-இல் தெருநாய்களைக் கொல்ல ஆங்கிலேயர்கள் ஆள் அனுப்பியபோது பார்சிகள் கலவரமே செய்தார்கள். 2018-இல் டாடா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸைப் புதுப்பித்தபோது வாசல் நாய்களுக்கென்று உள்ளே ஓர் அறையே ஒதுக்கினார்கள்.

யார் தேர்ந்தெடுப்பது? உங்கள் மாமியார். அவர் கேட்டது வாதத்துக்காக இல்லை, நியாயமான கேள்வி. பகலில் பத்து மணி நேரம் அந்த நாய்க்கு இருக்கப்போகிற ஒரே துணை அவர்தான். உங்கள் வீட்டில் நாயோடு வளர்ந்தவரும் அவர் ஒருவர்தான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. மணி திண்ணையைத் தாண்டாது என்று அவர் சொல்வதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் நிபந்தனையாக எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கும் பூஜை அலமாரிப் பக்கமும் நாய் வரக் கூடாது என்றால், முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கதவு போட்டு, முதல் நாளிலிருந்தே எல்லோரும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். மகன் மட்டும் ரகசியமாக உள்ளே விட்டால் நாய்க்குக் குழப்பம், பாட்டிக்குக் கோபம். ஃபாஸ்டர் வீட்டுக்கு அவரையும் கூட்டிப் போங்கள். அவர் பேசாமல் நாற்காலியில் உட்காரட்டும், நாயை யாரும் கூப்பிட வேண்டாம். தானாக வந்து மோந்து பார்த்துவிட்டு, மேலே தாவாமல் பக்கத்தில் படுக்கிற நாயாக இருந்தால் பேச்சைத் தொடரலாம். இரண்டு வாரம் ஃபாஸ்டராக வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள், பல காப்பகங்களில் சம்மதிப்பார்கள். அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் அவர் வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

வாக்கிங் பொறுப்பு எந்த நிலையிலும் அவர் மேல் விழக் கூடாது. காலை ஆறு மணிக்கு உங்கள் கணவர், இரவு நீங்கள். மதியம் சம்பளத்துக்கு ஒரு வாக்கர். உங்கள் மகள் 20 கிலோ நாயோடு தனியாக ரோட்டுக்குப் போக இன்னும் சில வருஷம் போகட்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், தமிழ் வீடுகளில் என் பாதி வேலையே இதுதான். தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்த்த நாய்கள் நிறைய வருகின்றன. வயிறு நிறைந்திருக்கும், சதை இருக்காது. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை நாய் பெற்றுவிட்டது, அதனால் இறைச்சி இல்லாமலும் நாயை வளர்க்க முடியும். பூனையை முடியாது. ஆனால் புரதம், கால்சியம், வைட்டமின் கணக்கைச் சோற்றை வைத்துச் சரிக்கட்ட முடியாது. முழுச் சத்துள்ள சைவ நாய்த்தீனி கடைகளில் கிடைக்கிறது. அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மேலே கொஞ்சம் தயிர், பனீர், வேக வைத்த பூசணி, கேரட் சேர்க்கலாம். முட்டைக்கு வீட்டில் சம்மதம் என்றால் இன்னும் நல்லது. பாட்டி பாசத்தில் கொடுக்கும் இரண்டு விஷயங்கள் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. பாயசம், சர்க்கரைப் பொங்கலில் இருக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொஞ்சம் போனாலும் ஆபத்தாகலாம். சாம்பார் வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழந்தைகளிடம் சாக்லேட்டைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும், நாய்க்கும் வரும், நமக்கும் வரும். வருஷா வருஷம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோவும் இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி தனி. வெளியே போய்வந்தால் விரல் இடுக்கு, காது, வயிறு எல்லாம் துடைத்துக் காய வையுங்கள், அப்போதே உண்ணி தேடுங்கள். நாய் திடீரெனச் சோர்ந்து, ஈறு வெளுத்து, காய்ச்சல் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பார்த்து பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்.

சொசைட்டியில் யாராவது நாய் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினால், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் உங்கள் பக்கம்: குடியிருப்புச் சங்கம் செல்லப்பிராணியைத் தடை செய்ய முடியாது. அதோடு மும்பை மாநகராட்சியின் (பிஎம்சி) உரிமமும் எடுத்துவிடுங்கள். கீழே அசுத்தம் செய்தால் பையோடு போய் நீங்களே எடுத்துவிடுங்கள், பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும்.

எப்போது கொண்டுவருவது? பள்ளி விடுமுறை என்று எல்லோரும் மே மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புழுக்கத்தின் உச்சத்தில் வந்து, பழகுவதற்குள் ஜூன் மழை பிடித்துக்கொள்ளும், வாக்கிங் நின்றுபோகும். மழை முடிந்ததும் கொண்டுவந்தால் தீபாவளி வெடி. புது இடத்தில், புது மனிதர்களோடு, முதல் வாரத்திலேயே வெடிச் சத்தம் கேட்ட நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர நாளாகும். தீபாவளி முடிந்து நவம்பர் கடைசியில் கொண்டுவாருங்கள். முதல் நான்கைந்து நாள் உங்களில் ஒருவர் லீவு போட்டு வீட்டில் இருங்கள். அந்த வாரத்திலேயே பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டி, உண்ணி நோய்களுக்கான ரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.